டிஃபாகர் முழுக்க நின்றுபோனால் கண்ணாடியை மாற்றாதீர்கள், முதலில் எர்த்தைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கேள்வி இதுதான்: ஏழு வருட ஹேட்ச்பேக். திருவொற்றியூரில் வீடு, விடியற்காலையில் எண்ணூர் விரைவுச் சாலை வழியாக வேலைக்குப் போகிறீர்கள். பின் கண்ணாடியைச் சூடாக்கி, படிந்த பனியைப் போக்கும் டிஃபாகரின் சுவிட்சைப் போட்டால் அதிலுள்ள லைட் எரிகிறது, ஆனால் கண்ணாடி கொஞ்சமும் தெளிவதில்லை. போன மழைக்காலம் வரை நன்றாக இருந்தது. ஃபியூஸைப் பார்த்துவிட்டீர்கள், போகவில்லை. ஒர்க்‌ஷாப்பில் "கோடு போயிருக்கும், முழுக் கண்ணாடியையும் மாற்றணும்" என்கிறார்கள். மாற்றுவதா, வேண்டாமா?

வேண்டாம். இப்போதைக்கு அந்தச் செலவைச் செய்யாதீர்கள். தண்டையார்பேட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். கண்ணாடியில் குற்றம் இல்லாமலே கண்ணாடியை மாற்றிவிட்டு, கோளாறு அப்படியே இருக்க என்னிடம் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், கண்ணாடியின் உள்பக்கத்தில் படுக்கையாகப் போகும் அந்தப் பழுப்புக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். வெள்ளி கலந்த பசையைக் கண்ணாடியில் அச்சடித்து, சூளையில் சுட்டுப் பதித்த கோடுகள் அவை. இரண்டு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக அகலமான பட்டை ஒன்று ஓடும். ஒரு பட்டைக்கு பாசிட்டிவ் வருகிறது, எதிர்ப்பட்டை எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த கார் பாடிக்குப் போகிறது. ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டைகள் ஏணியின் கால்கள், கோடுகள் படிகள். ஒவ்வொரு படியிலும் கரன்ட் தனித்தனியாக ஓடுகிறது. ஒரு படி அறுந்தால் அந்த ஒன்றுதான் சூடாகாது, மற்றவை அது பாட்டுக்கு வேலை செய்யும். பன்னிரண்டு கோடும் ஒரே மழைக்காலத்தில் சொல்லிவைத்தாற்போல அறுந்துபோகாது. மொத்தமாக நின்றுவிட்டது என்றால் கண்ணாடிக்குக் கரன்ட் வருகிற வழியில், அல்லது திரும்பிப் போகிற வழியில், அல்லது ஒயர் பட்டையோடு சேரும் இடத்தில்தான் கோளாறு. மூன்றுக்கும் கண்ணாடியைக் கழற்றத் தேவையில்லை.

சுவிட்சில் எரியும் லைட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான கார்களில் அது "நீங்கள் சுவிட்சைப் போட்டிருக்கிறீர்கள்" என்பதை மட்டும்தான் சொல்லும். பின்னால் கண்ணாடி வரைக்கும் கரன்ட் போனதா என்பது அந்த லைட்டுக்குத் தெரியாது.

இந்த வேலைக்கு ஒரு மல்டிமீட்டர் போதும். ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மீட்டரே போதுமானது. கூடவே ஒரு பழைய ஹெட்லைட் பல்பு, அதில் இரண்டு ஒயர் பற்றவைத்தது. அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காரில் அதிகம் கரன்ட் இழுக்கும் சாமான்களில் டிஃபாகரும் ஒன்று. கண்ணாடியின் அளவைப் பொறுத்து 10-லிருந்து 20 ஆம்பியர் வரை போகும். முழுக் கண்ணாடியின் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரன்ட்டுக்கான தடை, ஏறக்குறைய 1 ஓம்தான். இதனால்தான் என்ஜின் ஓடினால் மட்டும் வேலை செய்யும்படி பல கார்களில் வைத்திருக்கிறார்கள். பத்து இருபது நிமிடத்தில் தானாக அணைந்துவிடும் டைமரும் இருக்கும். அதனால் சோதனை செய்யும்போது என்ஜினை ஓடவிடுங்கள், இடையிடையே சுவிட்ச் அணைந்துவிட்டதா என்று பாருங்கள். டைமர் அணைத்தது தெரியாமல் அரைமணி நேரம் இல்லாத கோளாறைத் தேடுவது புதிதாக வேலை கற்கும் பையன்களுக்கு அடிக்கடி நடக்கும்.

இந்த 1 ஓம் விஷயம் இன்னொன்றையும் சொல்கிறது. இவ்வளவு குறைந்த ரெசிஸ்டன்ஸ் உள்ள சாமானுக்கு வழியில் அரை ஓம் தடை சேர்ந்தாலே போதும், சூடு பாதிக்கும் கீழே போய்விடும். துரு பிடித்த ஒரு போல்ட், களிம்பேறிய ஒரு கப்ளர் (ஒயரோடு ஒயரை இணைக்கும் பிளக்), அவ்வளவுதான். அதே தடையை நம்பர் பிளேட் லைட் பொருட்படுத்தாமல் எரிந்துகொண்டிருக்கும். "மற்ற லைட்டெல்லாம் நன்றாக எரிகிறதே, ஒயரிங் நன்றாகத்தான் இருக்கும்" என்று சொல்பவர்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சரி, சோதனைக்கு வருவோம். என்ஜின் ஓடட்டும், டிஃபாகர் போட்டிருக்கட்டும், டிக்கி மூடியிருக்கட்டும். பின் சீட்டில் உட்கார்ந்துகொள்ளுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையை நம்பகமான எர்த்தில் மாட்டவேண்டும். டிக்கிக் கதவில் உள்ள போல்ட் எதையும் எர்த்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள், சந்தேகப்படுவதே அதன் மேல்தான். காரின் பாடியில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டைப் பிடியுங்கள். அதையும் நம்ப மனமில்லை என்றால் பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீள ஒயரை உள்ளே கொண்டுவாருங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன், ஒயர் இழுக்க இரண்டு நிமிடம் ஆகும், பிறகு ஒரு குழப்பமும் இருக்காது. சிவப்பு முனையால் இரண்டு பட்டைகளிலும் ஒயர் வந்து சேரும் டெர்மினல்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். இரண்டு அளவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பக்கம் 13 வோல்ட்டை ஒட்டி வரும், எதிர்ப்பக்கம் பூஜ்யத்தை ஒட்டி வரும். இரண்டு பக்கமும் பூஜ்யம் என்றால் கண்ணாடிக்கு சப்ளையே வரவில்லை. இரண்டு பக்கமும் 13 வோல்ட் காட்டினால் பலர் சந்தோஷப்படுவார்கள், "கரன்ட் வருகிறது, அப்போ கண்ணாடிதான் போச்சு" என்று. அதுதான் தவறு. எர்த் பக்கத்தில் 13 வோல்ட் நிற்கிறது என்றால் கரன்ட் கண்ணாடியைக் கடந்து வந்து, வெளியே போக வழியில்லாமல் நிற்கிறது என்று அர்த்தம். கோடுகள் மொத்தமாகப் போய்விடவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. எர்த் அறுந்துவிட்டது. இரண்டுங்கெட்டான் அளவு வந்தால், உதாரணமாக எர்த் பக்கம் 5 வோல்ட் என்றால், எர்த் அறவில்லை, ஆனால் தடை ஏறியிருக்கிறது. சப்ளை பக்கம் 8 வோல்ட் மட்டும் வந்தால் தடை வருகிற வழியில் இருக்கிறது. ஒரு பக்கம் 13, மறுபக்கம் பூஜ்யம் என்று சரியாகக் காட்டியும் கண்ணாடி சூடாகவில்லை என்றால், டெர்மினல் பட்டையிலிருந்து விட்டிருக்கிறது. டெர்மினலைத் தொட்ட முனையை அப்படியே பட்டையின் மேல் நகர்த்துங்கள், அளவு மாறினால் பிடிபட்டுவிட்டது.

உங்கள் வீடு கடலுக்குப் பக்கத்தில். அதனால் எர்த் பக்கம்தான் என் முதல் சந்தேகம்.

காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு அண்ணனின் கார் வந்தது. ஐஸ் பெட்டியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகிறவர். உப்புத்தண்ணீர் சொட்டிச் சொட்டி, டிக்கிக்குப் பக்கத்துப் பாடியில் எர்த் ஒயர் மாட்டியிருந்த போல்ட் பிஸ்கட் மாதிரி உதிர்ந்திருந்தது. என்னிடம் வருமுன் வேறு இடங்களில் ரிலேயை (சுவிட்ச் போட்டதும் பெரிய கரன்ட்டைத் திறந்துவிடும் சின்னப் பெட்டி) இரண்டு முறை மாற்றி, கடைசியில் கண்ணாடியையும் மாற்றியிருந்தார். மீட்டரை வைத்தேன், எர்த் டெர்மினலில் 6 வோல்ட். போல்ட்டைக் கழற்றி, அடியிலுள்ள தகட்டை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று வரும்வரை தேய்த்து, ஒயர் முனையில் புது லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) நசுக்கிப் பிடித்து, புது போல்ட்டில் இறுக்கினேன். இறுக்கி முடித்த பிறகு மேலே வேசலின் தடவினேன், காற்றும் ஈரமும் புகாமல் இருக்க. மறுபடி அளந்தபோது 0.1 வோல்ட். வேலை முக்கால் மணி நேரம். அவர் அதுவரை செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை. உங்களிடம் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் உங்கள் தெருவில் நின்ற தண்ணீர் காருக்குள் வந்திருந்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் போகும் ஒயரிங் பெரும்பாலும் கதவுப் படிக்கு உள்பக்கமாக, கார்ப்பெட்டின் கீழே ஓடுகிறது. தண்ணீர் வடிந்து சீட் காய்ந்த பிறகும் அங்கே உள்ள கப்ளர்களில் ஈரம் நிற்கும். பச்சைக் களிம்பு மெதுவாக ஏறி, ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் கோளாறாக வெளியே தெரியும்.

ஹேட்ச்பேக் என்பதால் அடுத்த சந்தேகம் ரப்பர் குழாய். டிக்கியைத் திறந்தால் மேல் ஓரத்தில், கூரைக்கும் கதவுக்கும் நடுவே, மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். டிக்கிக்குப் போகும் ஒயர்கள் பலவும் அதற்குள்தான். ஒவ்வொரு முறை டிக்கியைத் திறந்து மூடும்போதும் அந்த ஒயர்கள் ஒரே இடத்தில் மடங்குகின்றன. ஏழு வருடம் மடங்கினால் உள்ளே உள்ள செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துபோகும். மேலே இன்சுலேஷன் முழுசாக இருக்கும், கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழாயின் இரண்டு முனைகளையும் விடுவித்து, உள்ளே உள்ள தடிமனான ஒயரை விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். அறுந்த இடத்தில் இன்சுலேஷன் ரப்பர் பேண்ட் போல நீளும்.

கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு காரில் மீட்டரை மாட்டிவைத்து டிக்கியை ஏற்றி இறக்கினேன். பாதி உயரத்தில் 13 வோல்ட், மூடினால் பூஜ்யம். அதற்கு மேல் தேடவேண்டியதே இல்லை. அந்த வண்டியில் மேல் பிரேக் லைட்டும் சில நாள் எரியும், சில நாள் எரியாது என்றார் ஓனர். பின் வைப்பர், நம்பர் பிளேட் லைட், டிக்கி லாக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று விட்டுவிட்டு வேலை செய்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். அப்படி இருந்தால் நேராகக் குழாய்க்குப் போய்விடலாம்.

ஒயரைச் சரிசெய்யும்போது அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றுவது வேலைக்கு ஆகாது. 15 ஆம்பியர் ஓடும் இடம் அது, முறுக்கிய இணைப்பு சூடாகும், மறுபடியும் மடங்கி அறுந்துவிடும். மடங்கும் பகுதி முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டு, இழைகள் அதிகமுள்ள வளையக்கூடிய 2.5 சதுர மில்லிமீட்டர் ஆட்டோ ஒயரைப் போடுங்கள். இணைப்புகள் குழாய்க்கு வெளியே, அசையாத இடத்தில் இருக்கவேண்டும். சால்டர் செய்து மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றிவிடுங்கள். இரண்டு மூன்று ஒயர்கள் அறுந்திருந்தால் இணைப்புகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் கட்டு தடித்துப்போய் உறைக்குள் நுழையாது.

இப்போது அந்த ஹெட்லைட் பல்பு. மீட்டர் கரன்ட் இழுக்காது. ஒரே ஒரு செம்பு இழை மிச்சமிருக்கும் ஒயரிலும் அது 13 வோல்ட் என்று நேர்மையாகத்தான் காட்டும். ஆனால் அந்த ஓர் இழையால் 15 ஆம்பியரைச் சுமக்க முடியாது. அதனால் கண்ணாடியிலிருந்து ஒயரைக் கழற்றி அளந்தால் அந்த அளவை நம்பக்கூடாது, மாட்டிய நிலையில் அளக்கவேண்டும். மாட்டிய நிலையில் அளக்க வழியில்லாத இடத்தில், கழற்றிய சப்ளை ஒயருக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே 55 வாட் ஹெட்லைட் பல்பைக் கொடுங்கள். அது 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் வழி திறந்திருக்கிறது. மங்கினால் எங்கோ தடை. எர்த் ஒயரையும் இதே பல்பால் சோதிக்கலாம், பல்பின் மறுமுனையை பாசிட்டிவில் கொடுத்து.

கண்ணாடிக்கு சப்ளையே வரவில்லை, குழாயிலும் குற்றமில்லை என்றால் முன்னால் வரவேண்டும். ஃபியூஸைக் கண்ணால் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அது போதாது. டிஃபாகர் போட்டிருக்கும்போது ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை வையுங்கள், இரண்டிலும் ஒரே வோல்ட் வரவேண்டும். ஃபியூஸைப் பிடுங்கி அதன் கால்களையும் அது உட்காரும் சாக்கெட்டையும் பாருங்கள். பிளாஸ்டிக் பழுத்து உருகியிருந்தால் சாக்கெட்டின் பிடி தளர்ந்து சூடாகியிருக்கிறது. புது ஃபியூஸ் போட்டால் அதுவும் உருகும், டெர்மினலை மாற்றவேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக 20-க்குப் பதில் 30 ஆம்பியர் போடுவது மட்டும் கூடவே கூடாது. ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை. அது தடுக்காவிட்டால் கார்ப்பெட்டுக்குக் கீழே ஒயர் எரியும்.

ரிலே சீக்கிரம் முடிகிற சோதனை. சுவிட்சைப் போடும்போது 'டிக்' என்று கேட்கிறதா பாருங்கள். அதே மாதிரி ரிலே ஹாரனுக்கோ வேறு எதற்கோ இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். சத்தம் கேட்டும் கரன்ட் வரவில்லை என்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கும். 30 என்று எண் போட்ட காலில் வோல்ட் இருந்து 87-ல் இல்லையென்றால் ரிலேயை மாற்றிவிடலாம்.

டெர்மினல் பட்டையிலிருந்து விட்டுப்போயிருந்தால் அதை ஒட்டுவதற்கு ஃபெவிக்விக், எம்-சீல் எதையும் தொடாதீர்கள். அவை கரன்ட்டைக் கடத்தாது, அதோடு பட்டையின் மேல் ஒரு படலத்தை உண்டாக்கி அடுத்து வருபவனின் வேலையையும் கெடுக்கும். வெள்ளி கலந்த எபாக்ஸி கிடைக்கிறது, அல்லது வெள்ளி சேர்ந்த ஈயத்தால் சால்டர் செய்யலாம். சால்டரிங் ஐயர்னை அதிக நேரம் வைத்தால் பட்டையே உரிந்து வரும். பின் கண்ணாடி டெம்பர் செய்தது, ஒரே இடத்தில் சூடு ஏறினால் மொத்தமாகத் தூளாகவும் கூடும். கை பழகாதவர்கள் எபாக்ஸியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கோடுகள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு இப்போது தேவைப்படாவிட்டாலும். ஒன்றிரண்டு கோடுகள் மட்டும் தெளியாமல் இருந்தால் அங்கே அறுப்பு இருக்கிறது. இரண்டு பட்டைகளுக்கும் நடுவே ஓம் அளந்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பன்னிரண்டில் ஒன்று குறைந்தால் மீட்டரில் தெரிகிற மாற்றம் மீட்டர் ஒயரின் ரெசிஸ்டன்ஸிலேயே கரைந்துவிடும். வோல்ட்தான் வழி. சிவப்பு முனையில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள், கூர்முனை கோட்டைக் கீறக்கூடாது. கோட்டின் மேல் பாசிட்டிவ் பக்கத்திலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். நல்ல கோட்டில் 13-லிருந்து படிப்படியாக இறங்கி, நடுவில் 6, 7 ஆகி, கடைசியில் பூஜ்யத்துக்கு வரும். அறுந்த கோட்டில் இறக்கமே இல்லாமல் 13 அப்படியே நின்று, ஓர் இடத்தில் சட்டென்று பூஜ்யமாகும். அதுதான் அறுப்பு. பேனாவால் வெளிப்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். மேலே தனியாக ஒன்றிரண்டு கோடுகள் ஓடி, அவற்றில் வோல்ட்டே வராவிட்டால் பதறாதீர்கள், சில கார்களில் அது ரேடியோ ஆன்டெனா.

அறுப்பை மூட வெள்ளி கலந்த கண்டக்டிவ் (கரன்ட் கடத்தும்) பெயின்ட் போதும். ஸ்பிரிட்டால் துடைத்து, கோட்டின் மேலும் கீழும் டேப் ஒட்டி, அறுப்பின் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஏறும்படி பூசி, ஒருநாள் முழுக்கக் காயவிட்ட பிறகு சுவிட்சைப் போடுங்கள். விரல் அகலம் வரை அறுந்தது இப்படிச் சரியாகும். 2012-ல் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு ஃபிலிம் ஒட்டத் தடை விதித்தபோது, அவசரத்தில் பிளேடு வைத்து ஃபிலிமைச் சுரண்டி எல்லாக் கோடுகளையும் சேர்த்துச் சுரண்டிய வண்டிகள் நிறைய வந்தன. அவற்றுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கண்ணாடியை மாற்றித்தான் ஆகவேண்டும் என்பது அந்த மாதிரி நிலைமைக்கு. அப்படி வந்து புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி வாங்கினால், கடையிலேயே பட்டைக்குப் பட்டை மீட்டரை வைத்து 1 ஓமை ஒட்டி வருகிறதா, டெர்மினல் ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உள்பக்கம் ஸ்டிக்கர் ஒட்டுவதும், கண்ணாடியில் உரசும்படி பெட்டிகளை அடுக்குவதும் கோடுகளுக்கு ஆகாது. துடைக்கும்போது கோடு போகும் திசையிலேயே ஈரத்துணியால் துடையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. டிசம்பர் விடியலில் உங்கள் கண்ணாடி மங்குவது உள்பக்கமா, வெளிப்பக்கமா என்று விரலால் தேய்த்துப் பாருங்கள். நம் ஊரில் வெளிக்காற்றில் ஈரம் அதிகம். ஏசியைக் குளிராக வைத்தால் கண்ணாடி குளிர்ந்து வெளிப்பக்கத்தில் பனி படியும். டிஃபாகர் சரியாகும்வரை ஏசியின் குளிரைக் குறைத்து, பின் வைப்பரை ஓட்டிச் சமாளிக்கலாம். உள்பக்கம் என்றால் ஏசியை அணைக்காதீர்கள், உள்ளே உள்ள ஈரத்தை இழுப்பது அதுதான். அந்தச் சாலையில் கன்டெய்னர் லாரி பின்னால் எவ்வளவு நெருங்கி வருகிறது என்று தெரியாமல் ஒருநாளும் ஓட்டாதீர்கள். தெளியாவிட்டால் ஓரமாக நிறுத்தித் துடைத்துவிட்டுப் போங்கள், பத்து நிமிடம் தாமதமானால் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இரண்டு டெர்மினல்களையும் மட்டும் அளந்து பாருங்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, டிஃபாகர் போட்ட நிலையில், டிக்கி மூடியிருக்கும்போது ஒருமுறை, திறந்திருக்கும்போது ஒருமுறை. அந்த நான்கு எண்களையும் எழுதி அனுப்புங்கள், எங்கே பிரிக்கவேண்டும் என்று சொல்கிறேன்.